ஒரு கம்பி, இரண்டு வீடு

ராய்னாவுக்கும் கீழ்வீட்டு வெல்காவுக்கும் டெலிபோன் கம்பி ஒன்றுதான். எண் தனித்தனி, ரசீது தனித்தனி, கம்பி மட்டும் ஒன்று. டான்யூப் கரையில் ருஸே நகரத்தில் அந்தக் குடியிருப்பைக் கட்டிய காலத்தில் கம்பிக்குப் பஞ்சம். இலாகாக்காரர்கள் வந்து மாடிப்படி மூலையில் ஒரு சின்னப் பெட்டியை அறைந்து, இரண்டு வீட்டையும் அதில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் ரிசீவரை எடுத்தால் இன்னொரு வீட்டுப் போன் செத்துவிடும். அது உயிர் பெற வேண்டுமென்றால் வெந்நீர்க் குழாயைத் தட்ட வேண்டியதுதான். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் அந்தக் குழாய், வெல்காவின் சமையலறையிலிருந்து ராய்னாவின் அறைக்கு நேராக ஏறுகிறது. கரண்டியால் மூன்று தட்டு தட்டினால், போனை வை, எனக்கு அவசரம் என்று அர்த்தம். யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் அந்தக் கட்டடத்தில் அதை மீறியவர்கள் கிடையாது.

இப்படிக் கம்பியைப் பங்கு போட்டுக்கொண்டவர்களை அங்கே இரட்டை என்பார்கள். நல்ல மாமியார் அமைகிற மாதிரிதான் நல்ல இரட்டை அமைவதும். மூன்றாம் மாடியில் இரண்டு குடும்பம் இந்தக் கம்பியால் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. ராய்னாவுக்கும் வெல்காவுக்கும் அந்த வம்பே இருந்ததில்லை. இரண்டு பேருக்குமே பேச அத்தனை ஆள் இல்லை என்பது ஒரு காரணம்.

ராய்னா கப்பல் கட்டும் தளத்தில் வரைபடப் பிரிவில் இருந்தவள். இயந்திர அறைக் குழாய்கள் எது எங்கே வளைய வேண்டும், எது எதன் அடியில் போக வேண்டும் என்று வரைவது அவள் வேலை. தளம் மூடிக்கொண்டது. புருஷன் வேலை தேடி சோபியாவுக்குப் போய் அங்கே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். மகள் எலித்சா வெளியூரில் படிக்கிறாள். இரண்டு குளிர்காலம் சந்தையில் காலுறை விற்றுப் பார்த்தாள் ராய்னா. விரல் விறைத்ததுதான் மிச்சம். அப்போதுதான் பழைய மேலதிகாரி ஒருவர் வர்ணாவிலிருந்து கூப்பிட்டார். ஹாம்பர்க்கில் ஒரு கம்பெனிக்கு வரைபடம் வேண்டும், கம்ப்யூட்டரில் வரைந்து போன் கம்பி வழியாகவே அனுப்பலாம், முதலில் ஒன்று வரைந்து காட்டு, பிடித்திருந்தால் தொடர்ந்து வேலை என்றார். ராய்னாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மோடம் வைத்துக்கொடுக்க வந்தவன் ஜிவ்கோ. அவனும் தளத்தில் மின்சாரப் பிரிவில் இருந்தவன்தான். இப்போது பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பூட்டிப் பிழைக்கிறான். கொண்டுவந்த மோடத்தைச் சொருகி டயல் செய்யச் சொன்னான். மோடம் முரண்டு பிடித்தது.

"டோன் இல்லைங்குது பாரு. அது பொய் சொல்லலை. நீ இரட்டை லைன்காரி. படிக்கட்டுல இருக்கற பெட்டி முதல்ல கம்பியை உன் பக்கம் இழுக்கணும், அப்புறம்தான் டோன் வரும். இது அவசரக்குடுக்கை, அதுக்குள்ள கத்துது."

"என்ன பண்றது?"

"கொஞ்சம் பொறுடான்னு சொல்லி வைக்கறேன். நம்ம பேச்சைக் கேக்கும், ஆம்பளை மாதிரி இல்லை."

அமைப்பை மாற்றினான். பிறகு தீப்பெட்டி அளவில் இன்னொரு கருவியை எடுத்து, சுவரிலிருந்து வந்த கம்பியை அதில் நுழைத்து, ஒரு வாயில் போனையும் மறு வாயில் மோடத்தையும் மாட்டினான்.

"இது எதுக்கு?"

"மோடம் ஓடுறப்ப மறந்துபோய் நீ ரிசீவரை எடுத்துட்டேன்னா தொடர்பு அறுந்துடும். இது உன் போனை அப்படியே அமுக்கி வைக்கும். வீட்டுக்குள்ள ரெண்டும் சண்டை போடாது."

"கீழ்வீட்டோட சண்டை வந்தா?"

"அதுக்கு இன்னும் எவனும் கருவி பண்ணலை ராய்னா."

மோடம் கிறீச்சிட்டு, இழுத்து, கரகரத்து ஒருவழியாக அடங்கியது. ஜிவ்கோ ஒரு மடக்கு ரகியா சாராயம் குடித்துவிட்டு, கூலிக்குப் பதிலாகத் தன் மகனுக்கு ஒரு வரைபடம் போட்டுத் தரச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டே வெல்கா மேலே வந்தாள். கையில் ஒரு தட்டு, சுட்டுத் தோலுரித்த குடமிளகாய், மேலே பூண்டு. ஊர் முழுக்கக் குடமிளகாய் சுடுகிற மாதம் அது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் அந்தக் கருகல் வாசனைதான். வெல்கா ஆஸ்பத்திரியில் சலவைக்காரியாக இருந்து, அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்தவள். பெருத்த உடம்பு, பெருத்த குரல், சிரித்தால் தட்டில் இருப்பது ஆடும்.

"என்னடி அது, பூனையைப் பிழியற மாதிரி சத்தம்?"

"மோடம் அக்கா. கொஞ்ச நேரம்தான். வேணும்னா தட்டுங்க, உடனே வெச்சுடறேன்."

"நான் எதுக்குத் தட்டறேன். எனக்கு யாரு போன் பண்றா. ஆனா ஒண்ணு." வெல்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "வியாழக்கிழமை காலைல மட்டும் இந்தப் பெட்டியைத் தொடாதே. கிரீஸ்லேருந்து போன் வருது."

சங்கதி இதுதான். வெல்காவோடு சலவையில் இருந்த கின்கா இப்போது சலோனிக்காவில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். பக்கத்து வீட்டிலும் படுத்த படுக்கையாக ஒரு கிழவி. அதற்கு வெல்காவைச் சொல்லி வைத்திருக்கிறாள். கிழவியின் மகள் போன் செய்து குரலைக் கேட்பாள், நாலு வார்த்தை பேசுவாள், பிடித்தால் வரச் சொல்வாள்.

"எனக்கு கிரேக்கம் நாலு வார்த்தைதான் தெரியும். ஆமாங்கறதுக்கு அவங்க 'நே'ங்கறாங்க. நம்ம ஊர்ல அது இல்லைங்கறதுக்கு. தலையாட்டறதும் அவங்களுக்கும் நமக்கும் தலைகீழ். அவ வேலைக்கு வர்றியான்னு கேக்க, நான் பழக்கதோஷத்துல தலையை ஆட்டி வெச்சா என்ன ஆகறது? போன்ல நல்லவேளை தலை தெரியாது."

"உங்க வீட்டுக்காரர் பெஞ்சோ அண்ணன் என்ன சொல்றாரு?"

"அவரு என்ன சொல்லுவாரு. காதே கேக்காது, வாய் மட்டும் வேலை செய்யுமா." வெல்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "போய்த்தாண்டி ஆகணும். இந்தக் குளிருக்கு வெந்நீர்க் குழாய்க்குப் பணம் கட்டணும்னா நான் அங்கே போகணும். எனக்கும் வயசாகுது. இன்னும் ரெண்டு வருஷம் போனா எவளும் கூப்பிடமாட்டா. நீ மட்டும் வியாழக்கிழமை காலைல..."

"தொடவே மாட்டேன் அக்கா. போதுமா?"

"போதும். நீ சொன்னா சொன்னதுதான்."

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே ராய்னா எழுந்தாள். முந்தின நாள் அனுப்பிய வரைபடத்துக்குப் பதில் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவது என்று எண்ணம். பதில் வந்திருந்தது. கடல்நீர்க் குழாய் ஒன்று எண்ணெய்த் தொட்டிக்கு நேர் மேலே போகிறது, இணைப்பு கசிந்தால் எண்ணெயில் விழும், திருத்தி இன்று காலைக் கூட்டத்துக்கு முன் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரி. இத்தனை வருஷம் வரைந்தவள் செய்யக் கூடாத தப்பு. ராய்னாவுக்கு முகம் சூடேறியது. மோடத்தை நிறுத்திவிட்டுத் திருத்த உட்கார்ந்தாள். திருத்தி முடிக்கும்போது வெயில் ஏறி, டான்யூப் நதியின் மேலிருந்த மூடுபனி கலைந்துவிட்டிருந்தது.

வாக்குக் கொடுத்த நேரம் வந்துவிட்டது. கூட்டத்துக்கான நேரமும் கிட்டே வந்துவிட்டது.

ஜன்னலுக்குப் போனாள். கீழே முற்றத்தில் கட்டடத்துப் பெண்கள் குடமிளகாய்த் தொக்கு கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பெரிய கொப்பரை, வீட்டுக்கு ஒரு நாள் முறை. அன்று வெல்காவின் முறை. தக்காளி அழுகிவிடும் என்று அவளால் தள்ளிப்போட முடியவில்லை. புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடுப்பு மாதிரி கரண்டியால் கிளறிக்கொண்டு நின்றாள் வெல்கா. பக்கத்தில் யாரோ என்னவோ சொல்ல, உரக்கச் சிரித்தாள்.

முற்றத்தில் நிற்கிறாளே, அப்படியென்றால் போன் வந்துவிட்டது என்று ராய்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வராவிட்டால் வீட்டை விட்டு நகர்வாளா? சிரிக்கிறாளே. நல்ல சேதியாகத்தான் இருக்கும். கீழே இறங்கிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயம் தனக்கு இருந்தது என்பதை ராய்னா பின்னாளில் எத்தனை முறை மறக்கப் பார்த்தும் மறக்க முடியவில்லை.

அப்படியே கம்பி வேண்டுமென்றாலும் தட்டுவார்கள், தட்டினால் வைத்துவிடலாம் என்று டயல் செய்தாள். கோப்பு பெரியது. முக்கால்வாசி போய் அறுந்தது. மறுபடி. பாதியில் அறுந்தது. மறுபடி. காதைக் குழாய்ப் பக்கம் வைத்துக்கொண்டு திரையில் ஊர்ந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு எதுவும் வரவில்லை. கடைசியில் கோடு முழுதாக நிறைந்தபோது உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. மோடத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள். நல்ல பசி.

அன்று சாயங்காலம் தரைக்கடியிலிருந்து வெல்காவின் குரல் கேட்டது. முதலில் போனில் யாரிடமோ. பிறகு போனில் இல்லை.

"மூணு தடவை கூப்பிட்டாளாம், கின்கா சொல்றா. கிடைக்கவே இல்லையாம். வேற எவளையோ எடுத்துட்டாங்களாம். உன்னை எதுக்கு அங்க உக்கார வெச்சேன்? சொல்லுய்யா. பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்கார வெச்சுட்டுத்தானே போனேன்?"

பெஞ்சோவின் குரல் மெதுவானது. கப்பல் தளத்தில் ஆணி அறைந்து அறைந்து ஒரு காதைத் தொலைத்தவர், மற்றதும் பாதிதான். அவர் என்ன சொன்னாரென்று மேலே கேட்கவில்லை. வெல்கா திருப்பிச் சொன்னதுதான் கேட்டது.

"கண்ணசந்துட்டியா? கண்ணசந்துட்டேன்னு வாய் கூசாம சொல்றியா?"

ராய்னா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை மாடிப்படியில் வெல்கா எதிர்ப்பட்டாள். கண் வீங்கியிருந்தது. தொக்குப் புட்டிகள் நிறைந்த கூடையை இடுப்பில் வைத்திருந்தாள்.

"நேத்து நீ போனைத் தொடலைதானே ராய்னா? கேக்கணும்னு கேக்கலை. சும்மா மனசு கேக்காம."

"தொடலை அக்கா."

எப்படி அத்தனை சுலபமாக வந்தது என்று ராய்னாவுக்கே தெரியவில்லை.

"எனக்குத் தெரியும். அந்தச் செவிட்டு மரத்தை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்." கூடையிலிருந்து இரண்டு புட்டியை எடுத்து ராய்னாவின் கையில் திணித்தாள். "இந்தா. இந்த வருஷம் காரம் நல்லா வந்திருக்கு."

ஹாம்பர்க்கிலிருந்து பதில் வந்தது. வரைபடம் பிடித்துவிட்டது, அடுத்ததை ஆரம்பிக்கலாம். ராய்னா சந்தோஷப்பட உட்கார்ந்தாள், முடியவில்லை. அந்தப் புட்டிகளைத் திறக்க மனசு வராமல் அலமாரியில் பின்னால் தள்ளிவைத்தாள். விடியுமுன் எழுந்து, திருடி மாதிரி மோடத்தை ஓட்டி, கட்டடம் விழிப்பதற்குள் நிறுத்தினாள். சத்தம் கீழே கேட்கக் கூடாதென்று அதன் மேல் தலையணையை வைத்து அமுக்கினாள்.

வெல்கா பெஞ்சோவை விடவில்லை. காப்பியில் தொடங்கும், படுக்கிற வரைக்கும் போகும். தட்டை வைக்கிற சத்தத்திலேயே திட்டு இருக்கும். விஷயம் முற்றத்துக்கும் வந்துவிட்டது. பெஞ்சோ குப்பை கொட்டப் போனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள், "பெஞ்சோ, சலோனிக்காவுலேருந்து போன், எடுய்யா" என்று கத்துவார்கள். அவர் திரும்பிப் பார்த்து மெல்லச் சிரித்துவிட்டுப் போவார். பிறகு அவர் வீட்டில் இருப்பதே குறைந்தது. தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், மீனில்லாமல் இருட்டுவதற்குள் திரும்புவார். ஒருநாள் மாடிப்படியில் ராய்னாவைப் பார்த்து, அவர் வழி விட்டு ஒதுங்கி நின்றார். அந்த ஒதுங்கலை அவளால் தாங்க முடியவில்லை. தன் தப்பை ஒரு கிழவன் சுமந்துகொண்டு தனக்கே வழி விடுகிறானே என்று தோன்றியது.

சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். சொன்னால் வெல்கா கம்பிக்கு நேரம் வகுக்கச் சொல்வாள், இலாகாவுக்கு எழுதிப் போடுவாள், ஹாம்பர்க் வேலை போகலாம். போனால் போகட்டும், காலுறை இருக்கிறது என்று கீழே இறங்கிக் கதவைத் தட்டினாள்.

பெஞ்சோதான் திறந்தார். சமையலறையில் அவரைக்காய்ச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வெல்கா வெங்காயத்தாள் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள்.

"உக்காரு தாயி. வந்துடுவா."

ராய்னா உட்காரவில்லை. அவருடைய நல்ல காதுப் பக்கமாகப் போய் நின்றாள்.

"அண்ணே, நீங்க தூங்கலை. மணி அடிக்கவே இல்லை. நான்தான் அன்னைக்குக் காலைல பூரா கம்பியைப் பிடிச்சு வெச்சிருந்தேன். அக்காகிட்ட சொல்லத்தான் வந்தேன்."

பெஞ்சோ அடுப்பைத் தணித்தார். கையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் எடுத்துப் பாத்தேன் தாயி. வேலை செய்யுதான்னு எடுத்துப் பாத்தேன். இந்தக் காதுல டோன் கேக்கும், டோன் இல்லாட்டியும் தெரியும். செத்துக் கெடந்துச்சு. மேல நீ பேசறேன்னு தெரிஞ்சுது. கரண்டியைக் கையில எடுத்தேன்."

ராய்னா குழாயைப் பார்த்தாள்.

"தட்டலை." அவர் மேஜை மேலிருந்த ரொட்டித் துணுக்குகளை ஒன்றாகக் கூட்டினார். "தட்டினா நீ வெச்சுடுவே. வெச்சா மணி அடிக்கும். அடிச்சா அவ போயிடுவா. குழாய்க்கிட்டயே நின்னேன். அப்புறம் கரண்டியைக் கொண்டுபோய் இருந்த எடத்துல வெச்சுட்டேன். மறுபடி எடுத்துப் பாத்தேன், இன்னும் நீ விடலை. மனசுக்குள்ள, இன்னும் கொஞ்ச நேரம் பேசு தாயி, இன்னும் கொஞ்சம் பேசுன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

சூப்பு மூடி மெல்ல ஆடியது.

"அவ அங்க போய் எவளோ ஒருத்தியோட மூத்திரத் துணி அலசுவா, நான் இங்க இந்த வீட்டுல என்ன பண்ணுவேன்? எனக்கு டிவிகூட கேக்காது. அவ கத்தினாத்தான் கேக்கும்." அவர் சிரிக்கப் பார்த்தார். "இப்ப நல்லாத்தான் கத்தறா. கத்தட்டும். இங்க இருந்து கத்தறா இல்ல. நீ சொல்லாதே தாயி. சொன்னா, நீ எடுத்துப் பாக்கலையான்னு என்னைக் கேப்பா. அதுக்கு என்ன சொல்றது?"

"அண்ணே, என்னால தாங்க முடியலை."

"எனக்கு மட்டும்?"

வெளியே சாவி திரும்பியது. வெல்கா வெங்காயத்தாள் கட்டோடு மூச்சு வாங்க உள்ளே வந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன ரெண்டு பேரும் சாவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?"

பெஞ்சோ ராய்னாவைப் பார்த்தார். வேண்டாம் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ராய்னாவுக்கு அது புரிந்தது. புரிந்தும் இத்தனை நாள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது நிற்கவில்லை.

"அக்கா, வியாழக்கிழமை கம்பியில நான்தான் இருந்தேன். வரைபடம் அனுப்பினேன். நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். அண்ணன் மேல தப்பு இல்லை."

வெல்கா வெங்காயத்தாளை மேஜை மேல் வைத்தாள். திட்டுவாள் என்று ராய்னா எதிர்பார்த்தாள். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். வெல்கா அவள் பக்கம் திரும்பவேயில்லை. புருஷனைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்ப நீ தூங்கலையா?"

பெஞ்சோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடிக்காத மணியை நீ எப்படிக் கேப்பே. நான் கேட்ட கேள்விக்கு பயந்துபோய் தூங்கிட்டேன்னு சொல்லிட்டியாய்யா?" வெல்காவின் குரல் உடைந்தது. "உன்னைச் செவிட்டு மரம்னேன். ஊரெல்லாம் சிரிக்க வெச்சேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் தட்டை எடுத்து, அடியிலிருந்து இறைச்சித் துண்டாகப் பார்த்து எடுத்து சூப்பை ஊற்றினாள். ரொட்டியைப் பிட்டு அவர் கையில் வைத்தாள். அவருடைய கேட்காத காதை உள்ளங்கையால் தடவினாள்.

"வெல்கா, நான் அன்னைக்கு..."

"ஒண்ணும் பேசாதே. சாப்பிடு முதல்ல."

பெஞ்சோ ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். விழுங்க முடியாமல் வைத்திருந்தார். கண்ணீர் தாடையில் இறங்கித் தட்டில் விழுந்தது. பட்ட அவமானத்துக்கு அழுகிறார் என்று எண்ணி வெல்காவும் அழுதாள், அழுதுகொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் ஒரு தரம் தலையை நிமிர்த்தி ராய்னாவைப் பார்த்தார். தன் நெஞ்சு லேசாக வேண்டுமென்று வந்து இந்த மனுஷனுக்கு என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் ராய்னாவுக்கு உறைத்தது. அவரைத் திட்டிலிருந்து காப்பாற்றியாயிற்று. இந்த அன்பிலிருந்து அவரைக் காப்பாற்ற அவளால் ஆகாது. அவர் சொல்லாததை அவருக்காகச் சொல்லவும் முடியாது.

சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தாள். படி ஏறத் தொடங்கியபோது வெல்கா வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். ராய்னா நின்றாள். வெல்காவின் குரலில் கோபம் இல்லை, வேறெதுவும்கூட இல்லை.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து எதுக்குக் கஷ்டப்படறே. நாள் பூரா நீயே கம்பியை வெச்சுக்க. இனிமே எனக்கு எங்கேருந்து போன் வரப்போகுது."